11,000 ராண்டில் மூன்று பேரின் தேவை

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தென்மேற்கே சட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை காலைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். ஜனவரி மாதம் வந்துவிட்டால், பிள்ளைகளை அழைத்துப்போக வருகிறவர்கள் என்னிடம் பாடத்தைப் பற்றிக் கேட்பது குறைந்துவிடும். மகள் பல்கலைக்கழகம் போகிறாள், எந்த மடிக்கணினி வாங்கலாம்? அம்மாவுக்குக் கண் மங்குகிறது, எந்த செல்போன் சரிப்படும்? பேச்சு இப்படித்தான் தொடங்கும். முன்பு சில ஆண்டுகள் கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்தவன் நான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இந்த முறை வந்தவர் எங்கள் தெருவில் இருக்கும் அக்கா. பேரங்காடி ஒன்றில் கல்லாவில் வேலை செய்கிறார். பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக் தேறிய மகளுக்கு வணிகவியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் 74 வயதில் அவருடைய அம்மா. தெருவே அவரை ஆயா என்றுதான் கூப்பிடும். வேலையிடத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் சீட்டில் அக்காவுக்கு 11,000 ராண்ட் வந்திருந்தது. அந்தப் பணத்தோடு ஒரு விளம்பரத் தாளையும் கொண்டுவந்தார். புதிய திறன்பேசி, மாதம் 549 ராண்ட், 36 மாதம், ஒவ்வொரு மாதமும் 2 ஜிபி டேட்டா, கொஞ்சம் பேச்சு நிமிடங்கள். "தம்பி, மகளுக்கு இதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் சீட்டுப் பணம் அப்படியே கையில் இருக்கும் அல்லவா? மடிக்கணினியை அதில் வாங்கிவிடலாம்" என்றார்.

பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். அக்காவை உட்காரவைத்து ஒரு தாளில் கணக்குப் போட்டோம்.

மாதம் 549 என்றால் 36 மாதத்துக்கு 19,764 ராண்ட். அதே செல்போனை ரொக்கமாக வாங்கினால் 9,999 ராண்ட் என்று கடையிலேயே எழுதி வைத்திருந்தார்கள். வித்தியாசம் 9,765. அதை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் ஏறத்தாழ 271 ராண்ட். அந்த 2 ஜிபி டேட்டாவுக்கும் பேச்சு நிமிடங்களுக்கும் நாம் கொடுக்கும் உண்மையான விலை இதுதான். இப்படி மாதத் தவணையில் எடுக்கும் கான்ட்ராக்ட் நல்லதா, ரொக்கமும் பிரீபெய்டும் நல்லதா என்ற கேள்வி இந்த இடத்தில் சுருங்கிவிடுகிறது: நீங்கள் இப்போது மாதம் எவ்வளவுக்குப் பேச்சுக்கான ஏர்டைமும் டேட்டாவும் வாங்குகிறீர்கள்?

மகளுக்கு ரீசார்ஜ் செய்துகொடுப்பது அக்காதான். வங்கிச் செயலியில் மூன்று மாதக் கணக்கை எடுத்துப் பார்த்தோம். சராசரி 160 ராண்ட். அப்படியானால் கான்ட்ராக்டில் மாதம் 111 ராண்ட் கூடுதல். 36 மாதத்தில் ஏறத்தாழ 4,000 ராண்ட். அந்தப் பணத்துக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ஒரு மடிக்கணினி வந்துவிடும்.

இதே கணக்கு வேறொருவருக்கு வேறு விடை தரும். என் மைத்துனி மருத்துவமனைச் செவிலியர். இரவுப் பணி, வெளியூரில் பிள்ளைகள்; மாதம் 400 ராண்டுக்குக் குறையாமல் செலவழிக்கிறார். நிலையான சம்பளம் இருக்கிறது. அவருக்கு கான்ட்ராக்ட் இலாபம்தான். தவணையைத் தவறாமல் கட்டினால் கடன் வரலாற்றில் நல்ல பதிவும் சேரும். பின்னால் வீட்டுக் கடன் கேட்கும்போது அது உதவும்.

ஆனால் விளம்பரத் தாள் சொல்லாத இரண்டு விஷயங்கள் உண்டு. லித்தியம் பேட்டரி 500 முதல் 1,000 முறை முழுதாக ஏறி இறங்கிய பிறகு தளர்ந்துவிடும். தினமும் சார்ஜ் செய்கிறவருக்கு மூன்றாம் ஆண்டில் பேட்டரி மாலைவரை தாங்காமல் போகலாம். தவணை மட்டும் குறையாமல் போய்க்கொண்டிருக்கும். இரண்டாவது, செல்போன் தொலைந்தாலும் உடைந்தாலும் தவணை நிற்காது. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் 24 மாத கான்ட்ராக்டில் ஒன்று வாங்கினேன். 14-ஆம் மாதம் திரை இருண்டுவிட்டது. மீதிப் பத்து மாதமும் இல்லாத செல்போனுக்குப் பணம் கட்டினேன். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 20 வேலைநாள் முன்னறிவிப்பு கொடுத்து இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை நடுவில் முறித்துக்கொள்ளலாம். ஆனால் கருவியின் மீதிப் பணமும் நியாயமான அபராதமும் கட்டவேண்டும். அப்போது எனக்கு அந்தச் சட்டமே தெரியாது.

மகள் தினமும் மினிபஸ் டாக்சியில், டர்பனின் கூட்டம் மிகுந்த வார்விக் சந்திப்பு வழியாகப் போய் வரப்போகிறவள். அந்தக் கூட்டத்தில் 10,000 ராண்ட் கருவியைக் கையில் பிடித்து நிற்பதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. இதை அவளிடம் நேராகவே சொன்னேன். முகம் வாடியது, ஆனால் அடுத்த கேள்வியை அவளே கேட்டாள்: "அங்கிள், அப்படியானால் மடிக்கணினி நல்லதாக வாங்கலாமா?"

அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். வணிகவியல் மாணவிக்கு மூன்று ஆண்டுகளும் கணக்குத்தாளோடுதான் வாழ்க்கை. செல்போனிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று நம்பி வரும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். விரிவுரைக் குறிப்பைப் படிக்க செல்போன் போதும். 30 பக்கக் கட்டுரையைத் தட்டச்சு செய்து, அட்டவணை போட்டு, இரவு 11.59-க்குள் சமர்ப்பிக்க அது போதாது. டேப்லெட்டும் விசைப்பலகை சேர்த்தால் மடிக்கணினி விலைக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் முழு எக்செல் அதில் ஓடுவதில்லை. மேசைக் கணினி அதே விலைக்கு அதிக வேகம் தரும்; ஆனால் மின்சாரம் போனால் அந்த நொடியே வேலையும் போய்விடும். 2024 மார்ச் இறுதியிலிருந்து நாடு தழுவிய லோட்ஷெட்டிங் என்ற சுழற்சி முறை மின்வெட்டு பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. 2025-இல் சில நாட்கள் மட்டும் திரும்பி வந்தது. என்றாலும் கேபிள் திருட்டாலும் மின்மாற்றிப் பழுதாலும் எங்கள் பகுதி இருளில் மூழ்குவது நிற்கவில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பல நாட்கள் மின்சாரம் இல்லாமல் இருந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. தனக்கென்று பேட்டரி உள்ள கணினிதான் இந்த ஊர் மாணவருக்கு ஏற்றது.

விண்டோஸ் இல்லாமல் கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் மடிக்கணினியான குரோம்புக்கைப் பற்றி ஒரு சொல். 2021 முதல் வந்த மாதிரிகளுக்குப் பத்து ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு, பேட்டரி நீண்ட நேரம் நிற்கும், விலையும் குறைவு. ஆசிரியர் பயிற்சி, மொழிப் படிப்பு போன்றவற்றுக்கு நான் தயங்காமல் சொல்வேன். கணக்கியலுக்குச் சொல்லமாட்டேன். அந்தத் துறையில் கேட்கும் மென்பொருள்கள் விண்டோஸை எதிர்பார்க்கின்றன. எதை வாங்குவதற்கும் முன் துறை அலுவலகத்தில் மென்பொருள் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; அந்தத் தாள் கையில் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள்.

ஆக, போட்டி இரண்டுக்கு நடுவே வந்து நின்றது. ஒன்று, பெட்டி பிரிக்காத புதிய மலிவு மடிக்கணினி, 4,999 ராண்ட். மற்றொன்று, அலுவலகங்கள் மூன்று நான்கு ஆண்டு பயன்படுத்திக் கழித்து, கடைக்காரர் செப்பனிட்டு விற்பது, 5,400 ராண்ட். அக்காவின் கை புதியதை நோக்கித்தான் போனது. "புதியதுக்கு வாரண்டி உண்டு. பழையது யார் கையில் இருந்ததோ?" என்றார். நியாயமான பயம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தோம்.

புதியதில் செலரான் என்ற அடிமட்டச் செயலி, 4 ஜிபி நினைவகம், ஈஎம்எம்சி என்ற மெதுவான வகையில் 128 ஜிபி சேமிப்பு. நினைவகமும் சேமிப்பும் பலகையோடு பற்றவைக்கப்பட்டவை. பின்னால் கூட்ட முடியாது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சத் தேவையே 4 ஜிபி. அதில் விண்டோஸ் ஓடும். அதோடு உலாவி, எக்செல், ஒரு காணொளி வகுப்பு என்று மூன்றையும் திறந்தால் கணினி திணறிப்போகும். செப்பனிட்டதில் அதைவிட வேகமான ஐ5 செயலி, 8 ஜிபி நினைவகம், எஸ்எஸ்டி என்ற வேகமான வகையில் 256 ஜிபி சேமிப்பு. அலுவலகங்களுக்கென்று செய்த திங்க்பேட், லாட்டிடியூட், எலீட்புக் வரிசைகளில் கீலும் விசைப்பலகையும் உறுதியானவை. பெரும்பாலான மாதிரிகளில் அடிமூடியைக் கழற்றி நினைவகத்தைக் கூட்டலாம், பேட்டரியை மாற்றலாம். உதிரிபாகம் டர்பனிலேயே கிடைக்கிறது. பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருந்த ஆண்டுகளில், இரண்டே ஆண்டில் குப்பைக்குப் போன புதிய மலிவு மடிக்கணினிகளை எண்ணிக்கை மறக்கும் அளவுக்குப் பார்த்திருக்கிறேன். எனக்கு இதில் சந்தேகமே இல்லை: இந்த விலையில் செப்பனிட்ட அலுவலகக் கணினிதான்.

ஆனால் செப்பனிட்டது எல்லாமே நல்லதா என்றால் இல்லை. முதலில் செயலியின் எண்ணைப் பாருங்கள். ஐ5-8250யு என்றிருந்தால் இணைப்புக் கோட்டுக்குப் பின் வரும் 8 அதன் தலைமுறை. ஐ5-7200யு என்றால் ஏழாம் தலைமுறை. இன்டெல் செயலிகளில், ஒருசில தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் முறைப்படி விண்டோஸ் 11-ஐ அனுமதிக்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதனால் ஏழாம் தலைமுறைக் கணினிகள் கூட்டம் கூட்டமாக அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்டு மலிவு விலையில் கடைகளுக்கு வருகின்றன. 3,000 ராண்டுக்குப் பளபளவென்று ஒன்றைப் பார்த்தால் அந்த எண்ணைத் தேடுங்கள்.

பிறகு பேட்டரி. விண்டோஸில் பேட்டரி அறிக்கை என்று ஒன்று எடுக்கலாம். செய்யும்போது இருந்த கொள்ளளவும் இப்போது ஏறும் கொள்ளளவும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நாங்கள் முதலில் பார்த்த கணினியில் பாதிகூட மிஞ்சவில்லை. கடைக்காரரிடம் காட்டினோம்; வேறொன்றை எடுத்துவந்தார், அதில் நூற்றுக்கு 81 இருந்தது. விசைகள் எல்லாவற்றையும் ஒருமுறை தட்டிப் பார்த்தாள் மகள். திரையை வெள்ளையாக வைத்துப் புள்ளி தேடினோம். கேமரா, ஒலிவாங்கி, யூஎஸ்பி துளைகள், சார்ஜர் பிடிப்பு எல்லாம் பார்த்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. முகம் சுளிக்கும் கடையில் செப்பனிட்ட பொருளை வாங்கவேண்டாம்.

வாரண்டியைப் பற்றிய அக்காவின் கவலைக்கும் விடை உண்டு. நான் சொன்ன அதே சட்டம், கடையில் வாங்கிய பொருள் குறையுடையதாக இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையைத் தருகிறது. பழுதுபார்ப்பா, மாற்றுப் பொருளா, பணமா என்பதைத் தேர்ந்தெடுப்பவர் வாங்கியவர். விற்பவருக்குத் தெரிந்து அவர் முன்கூட்டியே சொல்லி, நாம் ஒப்புக்கொண்ட குறைக்கு மட்டும் இது பொருந்தாது. ஆகவே ரசீதில் கணினியின் வரிசை எண்ணும் நிலையும் எழுதப்படவேண்டும். தெருவில் தெரிந்தவர், இணையத்தில் அறிமுகமானவர் என்று தனி ஆளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை.

ஏழாம் தலைமுறைக் கணினி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதைத் தூக்கிப்போடவேண்டாம். உபுண்டு போன்ற லினக்ஸ் அமைப்பை இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம். உபுண்டுவை 2004-இல் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் வெல்கம் நகரத்தில் பிறந்த தென்னாப்பிரிக்கர். பெயரே சூலு உள்ளிட்ட இந்த மண்ணின் மொழிகளில் புழங்கும் சொல். என் தமிழ் வகுப்பில் இருக்கும் இரண்டு கணினிகளும் அதில்தான் ஓடுகின்றன. படிக்க, எழுத, காணொளி பார்க்கப் போதும்.

இங்கே டேட்டா விலை வீட்டுச் செலவில் பெரிய பங்கு. புதிய கணினியை செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்த முதல் இரவே விண்டோஸ் புதுப்பிப்பு பல ஜிபியை விழுங்கிவிடும். இணைப்பை அளவுக்குட்பட்டது (மீட்டர்டு) என்று விண்டோஸில் குறித்துவைத்தால் அந்தப் பதிவிறக்கங்கள் காத்திருக்கும். பல்கலைக்கழகத்தின் எடுரோம் வைஃபையில் முடித்துக்கொள்ளலாம். மகள் இதைத் தன் குறிப்பேட்டில் முதல் வரியாக எழுதிக்கொண்டாள். மீந்துபோகும் டேட்டாவும் வீணாக வேண்டியதில்லை. 2019-இல் நடைமுறைக்கு வந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஐகாசாவின் விதிகள்படி, அதை அடுத்த காலத்துக்கு நீட்டிக்கவும் அதே நிறுவனத்தில் இருக்கும் இன்னொருவருக்கு மாற்றவும் நிறுவனங்கள் வழி செய்யவேண்டும். அக்காவிடமிருந்து மகளுக்கு இப்போது அப்படித்தான் போகிறது.

மகளின் செல்போனுக்கு அதிகம் யோசிக்கவில்லை. நான் பார்த்தது ஒன்றே ஒன்று: எத்தனை ஆண்டு புதுப்பிப்பு வரும்? சாம்சங் கேலக்ஸி ஏ16 மாதிரிக்கு ஆறு ஆண்டு என்று அந்த நிறுவனம் அறிவித்திருக்கிறது. 3,300 ராண்டுக்குக் கிடைத்தது. பழைய ஐபோனை அதைவிடக் கொஞ்சம் கூடுதல் விலைக்கு ஒருவர் தருவதாகச் சொன்னார். கேமரா உயர்ந்ததுதான். ஆனால் அதற்கு இன்னும் எத்தனை ஆண்டு புதுப்பிப்பு மிஞ்சும் என்று கணக்கிட்டால் பாதியும் வரவில்லை; பேட்டரியும் பழையது. கைமாறி வரும் எந்த செல்போனையும் வாங்குவதற்கு முன் *#06# அழுத்தினால் வரும், கருவியின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை எடுத்துத் திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். திருட்டு என்று பதிவான கருவி நாட்டின் எந்த வலையமைப்பிலும் வேலை செய்யாது.

ஆயாவின் விஷயத்தில் நான் முதலில் தவறாக நினைத்தேன். பெரிய பொத்தான்கள் உள்ள சாதாரண செல்போன் போதும் என்றேன். 400 ராண்ட், வாரம் ஒருமுறை சார்ஜ், கீழே விழுந்தாலும் உடையாது. ஆயா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "ஜோகன்னஸ்பர்கில் பேரன் குழந்தை நடக்க ஆரம்பித்திருக்கிறது. அதில் பார்க்க முடியுமா?" என்றார். முடியாது. பொத்தான் செல்போன்கள் சிலவற்றில் முன்பு வாட்ஸ்அப் இருந்தது. 2024 முதல் அவற்றில் புதிதாக ஏற்ற முடிவதில்லை. வயதானவர்களுக்கு எளிமைதான் வேண்டும் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அவர்களுக்கு வேண்டியது என்ன என்று ஒருமுறையாவது கேட்டிருக்கவேண்டும்.

மகளின் பழைய செல்போனை ஆயாவுக்குக் கொடுத்துவிடலாம் என்றார் அக்கா. திரையில் விரிசல், ஆண்ட்ராய்டு புதுப்பிப்பும் நின்றுபோய் ஆண்டுகள் ஆகின்றன. ஓய்வூதியப் பணம் வரும் வங்கிக் கணக்கின் செயலியைப் பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாத கருவியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. 1,500 ராண்டுக்குப் பெரிய திரையோடு புதியதே வாங்கினோம். 2025 ஏப்ரல் 1 முதல், 2,500 ராண்டுக்கு உட்பட்ட திறன்பேசிகளுக்கு 9 விழுக்காடு சொகுசு வரி நீக்கப்பட்டிருப்பதால் இந்த விலை வரிசையில் இப்போது தேர்வு நன்றாகவே இருக்கிறது. எழுத்தளவைப் பெரிதாக்கி, முகப்பில் நான்கே படங்களை விட்டுவைத்தோம். வாட்ஸ்அப்பில் படமும் காணொளியும் தானாக இறங்குவதை நிறுத்தினோம். இல்லாவிட்டால் தைப்பூசக் காவடி அன்று கோயில் குழுவில் வந்து குவியும் காணொளிகளே ஒரே நாளில் சேமிப்பையும் டேட்டாவையும் தீர்த்துவிடும்.

ஆயாவுக்குத் தமிழ் பேசவும் படிக்கவும் வரும். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவது அவருக்குப் பிடிபடவில்லை. கூகுள் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, ஒலிவாங்கிப் படத்தை அழுத்திப் பேசக் காட்டினேன். "நாளைக்குக் கோயிலுக்கு வருகிறாயா" என்று அவர் சொன்னது திரையில் தமிழில் வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மகளின் மடிக்கணினியிலும் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துவிட்டேன். 2019-இலிருந்து விண்டோஸிலேயே அது இருக்கிறது, தனியாக எதையும் வாங்கவேண்டாம்.

இந்தியாவுக்குப் போகிறவர்களிடம் மடிக்கணினி வாங்கிவரச் சொல்லும் வழக்கம் எங்களிடையே உண்டு. விலை சில சமயம் குறையும். அதன் வாரண்டி இங்கே செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சார்ஜர் முளையும் பொருந்தாது: அது இந்தியாவில் புழங்கும் சிறிய மூன்று முளை, இங்கே சுவரில் இருப்பது இந்தியாவில் குளிர்சாதனப் பெட்டிக்குப் பயன்படுத்தும் பெரிய மூன்று முளை. நான் சொந்தத் தேவைக்கு ஒருமுறை வாங்கிவந்து, திரை பழுதானபோது கப்பலேற்றி அனுப்பவேண்டிய நிலை வந்தது. இப்போது இங்கேயே வாங்கச் சொல்கிறேன்.

கடைசியாக அக்கா. தனக்கும் ஒன்று வேண்டும் என்று அவர் வாய் திறந்து சொல்லவில்லை. நான்காண்டு பழைய செல்போன் மதியத்துக்குள் அணைந்துவிடுகிறது என்று மகள்தான் சொன்னாள். எடுத்துப் பார்த்தேன். திரை நன்றாக இருக்கிறது, புதுப்பிப்பு இன்னும் வருகிறது, சேமிப்பில் இடம் இருக்கிறது. பேட்டரியை மட்டும் மாற்ற 450 ராண்ட். அரை மணி நேர வேலை. இப்போது காலை ஆறு மணிக்குப் புறப்படும் அக்கா இரவு வீடு திரும்பும்போதும் நூற்றுக்கு 40 மிஞ்சுகிறதாம்.

மொத்தம் 10,650 ராண்ட். மீதி 350-இல், மின்சாரம் திரும்பி வரும்போது ஏற்படும் திடீர் அழுத்தத்திலிருந்து மடிக்கணினியைக் காக்கும் பிளக் ஒன்று வாங்கினோம். ஆயாவுக்கு வயர் உள்ள இயர்போன் ஒன்றும் வாங்கினோம். அவருடைய செல்போனில் எஃப்எம் வானொலி இருக்கிறது. 1983-இல் தொடங்கிய லோட்டஸ் எஃப்எம்மை டேட்டா செலவில்லாமல் கேட்கலாம். அந்த வயர்தான் ஆன்டெனா. ஒலிபெருக்கியில் வைத்துக் கேட்கும்போதும் இயர்போன் செருகியே இருக்கவேண்டும் என்று ஆயாவுக்கு மூன்று முறை சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலை அந்த வீட்டைத் தாண்டிப் போனபோது சமையலறை ஜன்னலில் பாட்டு கேட்டது.